நாற்பது ரூபாய் டாலர்

"ரெண்டு லட்சம் ரொக்கம், பதினஞ்சு பவுன். இதுக்குக் கீழ எறங்க எனக்கு வழியில்லண்ணே," என்றாள் ரோஸ்மேரி. கேட்கக் கூச்சப்பட்டுக்கொண்டே கேட்டாள். மூத்த மகள் கல்யாணத்துக்காகக் கொடைரோட்டு வீட்டை அடமானம் வைத்திருந்தாள். மே மாதக் கடைசிக்குள் மீட்கவில்லை என்றால் வீடு போய்விடும். மகன் ஆண்டனிராஜின் வெல்டிங் பட்டறை வருமானம் வட்டிக்கே சரியாக இருந்தது.

கிளாரா உள் அறையில் கதவை ஒட்டி நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். பெண் பார்க்க வந்த மூன்றாவது குடும்பம் இது. முந்தைய இரண்டு மாப்பிள்ளைகளின் முகம்கூட அவளுக்கு நினைவில்லை. ஆண்டனிராஜ் அப்படி இல்லை. காப்பி கொடுக்கப் போனபோது டம்ளரை வாங்கிக்கொண்டு, "உங்க வீட்டு சன்னல் கிராதி யாரு வச்சது? ஒரு கம்பி கோணலா இருக்கு," என்று கேட்டவன். சிரிப்பை அடக்க முடியாமல் அவள் பாதி வழியிலேயே திரும்பி ஓடிவந்திருந்தாள்.

"பவுனு இருக்கு. அவ அம்மா போட்டிருந்தது, பத்திரமா இருக்கு," என்றார் அப்பா சூசை. "ரொக்கம்... இருக்கு தங்கச்சி. ஆனா கம்ப்யூட்டர்ல இருக்கு."

மில்லை மூடியபோது கிடைத்த செட்டில்மென்ட் பணத்தைச் சூசை எட்டு வாரத்துக்கு முன்னால் ஒரு கம்பெனியில் போட்டிருந்தார். ரூபாயைக் கொடுத்தால் கம்பெனி 'இ-டாலர்' தரும். அது வலைத்தளத்தில் ஒரு கணக்கில் இருக்கும், வாரா வாரம் கூடும். மரியநாதபுரத்தில் தெருவுக்கு நாலு வீடு சேர்ந்திருந்தது. சூசைக்கு மவுஸ் பிடிக்கத் தெரியாது. பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் மிஸ்ஸாக இருந்த கிளாராதான் கணக்கைத் திறந்து கொடுத்தாள். வெள்ளிக்கிழமைதோறும் பார்த்து எவ்வளவு என்று சொல்வாள். அவர் காலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதிக்கொள்வார். நாலாயிரத்து இருநூறில் ஆரம்பித்து ஆறாயிரத்து இருநூறுக்கு வந்திருந்தது.

அதை ரூபாயாக்குவதில்தான் ஒரு விஷயம் இருந்தது. கம்பெனியிடம் கேட்டால் மூன்று மாதம் ஆகும். அதனால் யாரும் கம்பெனியிடம் கேட்பதில்லை. புதிதாகச் சேர வருகிறவரிடம் ரொக்கத்தை வாங்கிக்கொண்டு, தன் கணக்கிலிருந்து அவர் கணக்குக்கு மாற்றிவிடுவார்கள். என்ன விலைக்கு என்பது அன்றன்றைக்கு மாறும். பஸ் ஸ்டாண்டுப் பக்கம் பிரவுசிங் சென்டர் வைத்திருந்த ஜெகபர் அலி, பூ மார்க்கெட்டில் எழுதுகிற மாதிரி வாசலில் ஒரு சிலேட்டில் அன்றைய விலையை எழுதித் தொங்கவிடுவார். பேப்பரில் டாலர் ஐம்பது ரூபாய் என்று போட்டிருந்தால், சிலேட்டில் முப்பத்தெட்டு இருக்கும். "ஏன் பாய் நம்ம டாலருக்கு மட்டும் வெல கம்மி?" என்று யாராவது கேட்டால், "அது அமெரிக்காவுல பொறந்தது, இது திண்டுக்கல்லுல பொறந்தது. தண்ணிப் பஞ்சம் இருக்குல்ல?" என்பார்.

"அதுக்கென்ன மாமா, டாலராவே குடுங்க, வாங்கிக்கிறோம்!" என்று குரல் வந்தது. ரோஸ்மேரியின் மூத்த மருமகன் ஞானதாஸ். அந்தக் கம்பெனியில் அவனுக்குக் கீழே இருநூறு பேர். சட்டைப் பையில் கம்பெனி பேட்ஜ் குத்தியிருந்தான். "நான் கைமாத்தித் தாரேன் அத்தை. எனக்கு வாரத்துக்குப் பத்துப் பேரு சேர்றாங்க."

பிறகு பேரம் ஆரம்பித்தது. சூசை பேப்பரை எடுத்து வந்து ஐம்பதைக் காட்டினார். "அப்ப நாலாயிரம் டாலரு. கணக்குச் சரிதான?"

"பேப்பர் வெலைக்கு யாரு மாமா வாங்குறா? ஜெகபர் அலி சிலேட்டுல முப்பத்தெட்டு."

"எனக்கு முப்பத்தஞ்சுன்னு போட்டாத்தான் மனசு ஒப்பும்," என்றாள் ரோஸ்மேரி.

"என்ன தங்கச்சி, கத்திரிக்காயா பேசுறோம்? ஏம் மகளுக்குச் செய்யிறது."

"அதனாலதாண்ணே பாத்துக் கேக்குறேன். கத்திரிக்கான்னா அழுகுனதத் தள்ளிட்டு எடுத்துக்கலாம்."

கடைசியில் நாற்பதில் முடிந்தது. ஐயாயிரம் டாலர். எல்லாருக்கும் கொஞ்சம் நஷ்டம், எல்லாருக்கும் கொஞ்சம் திருப்தி. கிளாரா உள்ளே நின்று மனதுக்குள் கழித்துப் பார்த்தாள். அப்பாவுக்கு ஆயிரத்து இருநூறு மிச்சமிருக்கும்.

ஈஸ்டர் முடிந்த வியாழக்கிழமை நிச்சயதார்த்தம். கோயில் உபதேசியார் செபம் சொல்லி முடித்ததும் பழத்தட்டு, சேலைத்தட்டு, பூத்தட்டு வரிசையில் ஞானதாஸ் தன் லேப்டாப்பைக் கொண்டுவந்து பாயில் வைத்தான். "இதையும் மந்திரிக்கணுமா?" என்று உபதேசியார் கேட்க, கூட்டம் சிரித்தது. பாஸ்வேர்ட் தெரிந்தது கிளாராவுக்கு மட்டும்தான். பட்டுச்சேலையோடு சம்மணமிட்டு உட்கார்ந்து தன் சீதனத்தைத் தானே மாப்பிள்ளை கணக்குக்கு அனுப்பினாள். பச்சை எழுத்தில் 'வெற்றி' என்று வந்ததும் பெண்கள் குலவையிட்டார்கள்.

அடுத்த மூன்று நாளும் ஆண்டனிராஜ் செல்போனில் பேசினான். சமையலறையில் அவளுக்காக ஒரு ஷெல்ஃப் அடிக்கிறானாம். "கையத் தூக்குனா எம்புட்டு ஒயரம் எட்டுவ?" என்று கேட்டான். அவள் சுவரோரம் நின்று கையை உயர்த்தி, பென்சிலால் கோடு போட்டு, பள்ளிக்கூட ஸ்கேலால் அளந்து சொன்னாள். "அம்புட்டுதானா? அப்ப மேல்தட்டு எனக்கு, முறுக்கு டப்பாவ அதுல ஒளிச்சு வச்சுக்குவேன்." ஞாயிற்றுக்கிழமை இரண்டு ஊர்ப் பங்குக் கோயிலிலும் முதல் ஓலை வாசித்தார்கள். இன்னார் மகன் இன்னாருக்கும் இன்னார் மகள் இன்னாருக்கும் திருமணம், தடை ஏதும் தெரிந்தவர்கள் பங்குச் சாமியாரிடம் தெரிவிக்கவும். மூன்று ஞாயிறு இப்படி வாசித்த பிறகு, மே ஆறாம் தேதி புதன்கிழமை கல்யாணம்.

செவ்வாய்க்கிழமை வலைத்தளத்தில் ஓர் அறிவிப்பு வந்தது. தொண்ணூறு நாளைக்குக் கம்பெனி யாருக்கும் பணம் தராது. கணக்கில் இருப்பது பத்திரமாக இருக்கிறது, உறுப்பினர்கள் ஒருவருக்கொருவர் மாற்றிக்கொள்ளலாம், கவலை வேண்டாம்.

அன்று சாயங்காலம் ஜெகபர் அலியின் சிலேட்டில் இருபத்தைந்து. புதன்கிழமை பதினொன்று. வெள்ளிக்கிழமை கிளாரா போனபோது சிலேட்டு துடைத்து வைக்கப்பட்டிருந்தது.

"இன்னைக்கு எழுதலையா பாய்?"

"வாங்குறதுக்கு ஒருத்தன் இருந்தாத்தானம்மா அதுக்குப் பேரு வெல," என்றார் அவர். "காலையிலருந்து அறுபது பேரு விக்க வந்துட்டாங்க. வாங்க ஒரு ஆளு வரல. அத எழுத எனக்குத் தெரியல."

கணக்கைத் திறந்து பார்த்தாள். ஆயிரத்து இருநூறு, ஆயிரத்து இருநூற்று அறுபதாகியிருந்தது. வாரம் தவறாமல் கூடிக்கொண்டுதான் இருந்தது.

இரண்டாவது ஓலை வாசித்த ஞாயிறு மத்தியானம் ரோஸ்மேரி பஸ் ஏறி வந்துவிட்டாள். கூடவே தலையைக் குனிந்தபடி ஆண்டனிராஜ். வெயிலில் வந்தவளுக்குக் கிளாரா மோர் கொடுத்தாள். அவள் அதைத் தொடவில்லை.

"அண்ணே, நீங்க குடுத்தது பணமில்ல. அதை எவனும் வாங்க மாட்டேங்குறான். அடமானக்காரன்கிட்ட லேப்டாப்பத் தூக்கிட்டுப் போயிக் காட்டுனேன். சிரிக்கிறான்."

"நான் குடுத்தப்ப பணமாத்தான் இருந்துச்சு," என்றார் சூசை. "ரேட்டுப் பேசுனது நீங்க. நாப்பதுன்னு முடிச்சது உங்க மருமகன். பதினாறாந்தேதி இந்தக் கூடத்துல வச்சு உங்களுக்கு ரெண்டு லட்சம் குடுத்தாச்சு. ஊரே பாத்துச்சு, குலவை போட்டுச்சு. இதுக்கப்புறம் அது ஏறுனா உங்களுக்கு, எறங்குனாலும் உங்களுக்குத்தான்."

"நூறு ரூபா நோட்டு எறங்குமாண்ணே?"

"ஞானதாஸைப் போயிக் கேளுங்க."

"அவன் போனையே எடுக்க மாட்டேங்குறான். அவன நம்பித்தான வீட்ட அடமானம் வச்சேன், அவன நம்பித்தான இதையும் வாங்குனேன்." ரோஸ்மேரியின் குரல் உடைந்தது. "நான் பணத்தாசை பிடிச்சவ இல்ல அண்ணே. ஒங்க மகள எங்க கொண்டுபோயிக் குடிவைக்க? பட்டறையிலயா?"

கடைசியில் அவளே ஒரு படி இறங்கினாள். ஒரு லட்சம் ரூபாயாக, கையில் தொடுகிற ரூபாயாக, மூன்றாவது ஓலைக்கு முன்னால் வந்துவிட்டால் அடமானக்காரனிடம் தவணை கேட்டுப் பார்க்கலாம். இல்லாவிட்டால் ஓலையை நிறுத்தச் சொல்லிவிடுவேன் என்றாள். சூசையிடம் இருந்தது பவுன் மட்டும். அதை விற்றுக் கொடுத்தால் சீதனத்தில் பவுன் எங்கே என்பாள். அவர் அவள் தொடாத மோர் டம்ளரை எடுத்து உள்ளே கொண்டுபோய் வைத்தார்.

புதன்கிழமை ஆண்டனிராஜ் போன் செய்தான். குரலில் பழைய துள்ளல். "கிளாரா, ஆளு கெடச்சிருச்சு! கீரனூர்க்காரரு, நல்லுசாமின்னு. தோப்ப ரெண்டு வருசக் குத்தகைக்கு விட்டு ஒரு லட்சம் ரொக்கமா வச்சிருக்காரு. நம்ம ஐயாயிரத்தையும் இருபது ரூபாக்கு எடுத்துக்கிறாராம். நாளைக்குப் பட்டறைக்கு வாராரு. அவருக்குக் கணக்குத் தொறந்து குடுக்கணும், நீ வந்துரு."

"அவருக்குத் தெரியுமா?"

"என்னது?"

"கம்பெனி பணம் தரலைங்கிறது."

மறுமுனையில் யாரையோ வெல்டிங்கை நிறுத்தச் சொன்னான். "தொண்ணூறு நாளுக்கப்புறம் தருவான்ல," என்றான் பிறகு. "நீ வா. நேருல பேசிக்கலாம்."

அன்றைக்கு முழுக்க அவள் தனக்குத்தானே அதைத்தான் சொல்லிக்கொண்டாள். தொண்ணூறு நாள் கழித்துத் தந்தாலும் தரலாம். மறுநாள் சின்னாளபட்டி தாண்டி, காந்திகிராமம் தாண்டி, பஸ் சன்னலில் வெயில் அடித்த அந்த முக்கால் மணி நேரமும் அதையேதான். அவளுக்கு இருபத்தாறு வயது. ஆண்டனிராஜைப் போல் ஒருவன் மறுபடி வருவான் என்று நம்பும் வயது தாண்டிவிட்டது.

பட்டறையில் ஞானதாஸும் இருந்தான். லேப்டாப் அவனுடையதுதான். பேட்ஜைக் காணோம். நல்லுசாமிக்கு ஐம்பது வயது இருக்கும். மாட்டுச் சந்தையிலும் தரகு பார்ப்பவர். மஞ்சள் பையை மடியில் வைத்துக்கொண்டு முக்காலியில் உட்கார்ந்திருந்தார். விலை பேசும்போது அவர் வாயால் சொல்லவில்லை. தோளில் கிடந்த துண்டை எடுத்து ஆண்டனிராஜின் கை மேல் போட்டு, உள்ளே விரல்களைப் பிடித்தார். துண்டுக்கு அடியில் இரண்டு கைகளும் செத்த நேரம் அசைந்தன. ஆண்டனிராஜ் தலையாட்டினான். "முடிஞ்சுதுங்க," என்றார் நல்லுசாமி. "அம்மிணி, எனக்கொரு கணக்குத் தொறந்துடுங்க. எம் பையன் பெங்களூர்ல படிக்கிறான், அடுத்த வருசம் பீஸ் கட்டோணும். வாரத்துக்கு அஞ்சு பெர்சென்ட் கூடுதுங்களாமா? தென்னை மரம் இத்தன வேகமாக் காய்க்காதுங்க."

கிளாரா அவருடைய பெயரை டைப் செய்தாள். பிறந்த தேதி கேட்டாள். ஊர் கேட்டாள். பையன் பெயரை நாமினியாகப் போடச் சொன்னார், "முகேஷ்குமாருங்க". அந்தப் பெயரின் முதல் நாலு எழுத்தை அடித்தவள் விரல் நின்றுவிட்டது.

"அய்யா, இத வாங்காதீங்க."

"ஏனுங்க?"

"கம்பெனி பணம் தர்றத நிறுத்திருச்சு. இது யாருக்கும் வேண்டாம இருக்கு. போன வாரம் முப்பத்தெட்டு, இப்ப வெலையே இல்ல. உங்களுக்கு மட்டும்தான் இருபது."

ஆண்டனிராஜ் அவளைப் பார்த்தான். கோபமாகக்கூட இல்லை. கையிலிருந்த எதையோ கீழே போட்டுவிட்டவன் போல் இருந்தான்.

நல்லுசாமி அவளையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு சிரித்தார். "நானும் முப்பது வருசமாச் சந்தைக்குப் போறனுங்க அம்மிணி. மாட்ட வாங்க வர்றவன்தான் பல்லு தேஞ்சிருக்குது, காலு நொண்டுதுன்னு கொறை சொல்லுவான். விக்கிறவன் வாயில கொறை வருதுன்னா, அவனுக்கு விக்க மனசில்லைன்னு அர்த்தம். என்னங்க, தொண்ணூறு நாள்ல ஏறப்போகுதுன்னு சேதி வந்துடுச்சுங்களா?"

"சத்தியமாச் சொல்றேன்யா..."

"கெட்டிக்காரப் புள்ள!" என்று ஞானதாஸ் குறுக்கே வந்தான். முகம் சட்டென்று தெளிந்திருந்தது. "அது அவங்க கல்யாணச் சீதனம்ணே. விக்க யாருக்கு மனசு வரும்? விடுங்க. ஏங்கிட்ட இருக்கு. அதே ஒரு லட்சத்துக்கு ஐயாயிரத்து ஐநூறாத் தாரேன்."

"மச்சான்!" என்றான் ஆண்டனிராஜ்.

"எனக்கும் பிள்ளை குட்டி இருக்குடா."

நல்லுசாமியின் துண்டு இப்போது ஞானதாஸின் கை மேல் விழுந்தது. கிளாரா எழுந்து அவர் கையைப் பிடித்தே தடுத்தாள். "ஜெகபர் அலி கடைக்கு ஒரு போன் போடுங்கய்யா, விசாரிங்க." அவர் கையை மெல்ல விடுவித்துக்கொண்டார். "உங்க கல்யாணத்துக்கு வாரனுங்க, அம்மிணி. பத்திரிகை அனுப்புங்க," என்றார் அன்பாகவே. மீதி எழுத்துகளை ஞானதாஸ் டைப் செய்தான். பதினைந்து நிமிடத்தில் மஞ்சள் பை கை மாறி, ஞானதாஸ் மோட்டார் சைக்கிளைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டான்.

பஸ் நிறுத்தம்வரை ஆண்டனிராஜ் கூட வந்தான். எதிரே ரயில்வே கேட் அடைத்து, சரக்கு வண்டி ஒன்று நீளமாகப் போய்க்கொண்டிருந்தது. அது போய் முடிந்ததும் கேட் திறந்தது.

"நீ சொல்லாம இருந்திருந்தா அடுத்த புதன்கெழம நமக்குக் கல்யாணம்," என்றான்.

"அவரு தோப்பு?"

"அவரு தோப்பு இப்ப மட்டும் இருக்கா?"

"கையில எதுவும் இல்லாம வந்தா கூட்டிக்கிட்டுப் போவீங்களா? ஓலை வாசிச்சாச்சுல்ல, சாமியார்கிட்ட நாமளே போய்..." என்று ஆரம்பித்தாள். தான் இப்படிக் கேட்பாள் என்று அவளே நினைத்ததில்லை.

அவன் வெகுநேரம் யோசித்தான். உண்மையாகவே யோசித்தான், அதுதான் அவளுக்கு வலித்தது. "அம்மாவ எங்க வைப்பேன் கிளாரா?" என்றான் கடைசியில். பஸ் வந்தது. சன்னலோரம் இடம் பிடித்துக் கொடுக்க அவன் முன்னால் ஓடி ஏறித் துண்டு போட்டான். பிறகு இறங்கி நின்றான்.

மூன்றாவது ஓலையில் அவர்கள் பெயர் இல்லை. வேறு இரண்டு ஜோடிகளை வாசித்துவிட்டுச் சாமியார் காணிக்கைக்குப் போய்விட்டார். சூசை எழுந்து வெளியே போனார். கிளாரா பூசை முடியும்வரை உட்கார்ந்திருந்தாள், பக்கத்திலிருந்த பெண்கள் கேட்பதற்கு ஏதாவது ஒரு பதிலை யோசித்தபடி.

கல்யாணம் நின்றால் வாங்கினதைத் திருப்பிக் கொடுப்பது முறை. ரோஸ்மேரி முறை தவறாதவள். நிச்சயத்துக்கு வந்த தட்டுகளையும் மோதிரத்தையும் உபதேசியார் மூலம் அனுப்பிவிட்டு, புதன்கிழமை பத்து மணிக்கு மகனோடு ஜெகபர் அலியின் கடைக்கு வந்தாள். கல்யாணத்துக்கென்று குறித்திருந்த அதே புதன். கிளாராவும் சூசையும் ஒரு கேபினில். ஆண்டனிராஜ் பக்கத்துக் கேபினில். நடுவில் ஒரு பிளைவுட் பலகை.

"அனுப்பிட்டேன். வந்துருச்சா?" என்று பலகைக்கு அந்தப் பக்கமிருந்து கேட்டான்.

"வந்துருச்சு."

"எத்தன?"

"ஐயாயிரம்."

"மூணு வாரம் கூடுனதையும் சேத்து அனுப்பு அப்பு. அவுங்க பொருளு நமக்கெதுக்கு," என்றாள் ரோஸ்மேரி. விசைப்பலகைச் சத்தம் கேட்டது. இன்னொரு எழுநூற்று எண்பத்தெட்டு வந்தது.

பிறகு ரோஸ்மேரி ஒரு வெள்ளைத்தாளை நீட்டினாள். "வாங்கிக்கிட்டதா எழுதிக் குடுத்துருங்கண்ணே. நாளைக்கு ஒரு பேச்சு வரக் கூடாது. ரெண்டு லட்சம் ரூபாயும் திரும்பப் பெற்றுக்கொண்டேன்னு."

"ரூபான்னா?" என்றார் சூசை. "டாலர்னு எழுதுறேன்."

"நீங்கதான சொன்னீங்க? உங்க வீட்டுக் கூடத்துல வச்சு ரெண்டு லட்சம் குடுத்தேன்னு. நீங்க குடுத்தது ரெண்டு லட்சம்னா, நான் திருப்பித் தாரதும் ரெண்டு லட்சந்தாண்ணே. இல்ல, அன்னைக்குக் குடுத்தது வெறும் நம்பருதான்னு இப்ப சொல்லுங்க, அதையே எழுதிக்கலாம்."

அவள் குத்திக்காட்டச் சொல்லவில்லை. களைத்துப்போய்ச் சொன்னாள். சூசை தாளை வாங்கிக் கிளாராவிடம் கொடுத்தார். டாலர் என்று எழுதச் சொன்னால் தான் மகளுக்குச் சீதனம் என்று ஒன்றும் கொடுக்காதவர் ஆகிவிடுவார். "எழுதும்மா," என்றார். கிளாரா எழுதினாள். எழுத்தாலும் எண்ணாலும் எழுதினாள். அப்பா கையெழுத்துப் போட்டார். பெயரின் கடைசி எழுத்து வரியை விட்டுக் கீழே இறங்கியிருந்தது.

"எல்லாஞ் சேத்து எம்புட்டு வருது?" என்று அவளிடம் மெதுவாகக் கேட்டார்.

"ஏழாயிரத்து நூத்துச் சொச்சம்பா."

"ஆறாயிரத்து இருநூறாத்தான இருந்துச்சு," என்றார் அவர். பிறகு வாசலுக்குப் போய் வெயிலைப் பார்த்து நின்றுகொண்டார்.

ஆண்டனிராஜ் கல்லாவில் நின்று சட்டைப் பையைத் துழாவிக்கொண்டிருந்தான். "ரெண்டு கேபினுக்கும் எடுத்துக்கங்க பாய்."

"எங்களுக்கு நான் குடுத்துக்கிறேன்," என்றாள் கிளாரா.

அவன் திரும்பினான். தாடி மூன்று நாளாக மழிக்கவில்லை. ஏதோ சொல்லப்போகிறான் என்று அவள் காத்திருந்தாள். சொல்லியிருந்தால், என்ன சொல்லியிருந்தாலும், அவள் கேட்டிருப்பாள். ஆனால் வாசலில் ரோஸ்மேரி, "பஸ் வந்துருச்சுடா," என்றாள்.

அவன் தன் பங்குக்குப் பத்து ரூபாய்த் தாளை வைத்துவிட்டு இறங்கிப் போனான். கிளாராவிடம் இருந்தது சில்லறை. ஜெகபர் அலி ஒவ்வொரு காசாக எண்ணி வாங்கிக் கல்லாவில் போட்டுக்கொண்டார்.